கீழ் லயத்துப் புகை

மலாக்கா டவுனிலிருந்து கடலோரமாகப் போகிற சடக்கு ஒன்றுதான். உம்பாயைத் தாண்டினால் செர்காம் வரும். பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரிந்த வழி அது. ஒருநாள் நானும் மாஸ்டரும் உம்பாயில் மீன் வாங்க நின்றுகொண்டிருந்தோம். மாட்டுவண்டிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "செர்காமுக்கு இப்படியே போவலாமுங்களா?" என்று கேட்டார். மாஸ்டர் தன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மிகவும் மரியாதையாக, "இந்த மீன் கொட்டகை வரைக்கும் நிச்சயமாப் போகலாம். அதுக்கு மேல நான் நடந்ததில்லைங்க" என்றார்.

வண்டிக்காரர் என்னைப் பார்த்தார். கூட வந்திருக்கிற ஆளுக்கு ஏதாவது கோளாறா என்று கேட்கிற பார்வை. "நேராப் போங்கண்ணே" என்று சொல்லி அனுப்பிவைத்தேன். அடுத்த லீவு நாளில் இவர் செர்காம் வரைக்கும் நடந்தே போய்த் திரும்பிவந்தார். காலில் கொப்புளம். என்னைப் பார்த்ததும் சொன்னது ஒரே வார்த்தைதான்: "இப்பச் சொல்லலாம்."

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. டவுனில் ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தார். எல்லாரும் மாஸ்டர் என்றோம், அதுவே இருக்கட்டும். நான் அப்போது டுரியான் துங்காலுக்குப் பக்கத்தில் ஒரு கித்தா தோட்டத்து, அதாவது ரப்பர் தோட்டத்து, ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர். டாக்டர் மாதம் ஒருமுறை காரில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் புண்ணைக் கழுவுவதும் காய்ச்சலுக்குக் கொய்னா கொடுப்பதும் பிணத்துக்குச் சீட்டு எழுதுவதும் நான்தான்.

தோட்டத்து மலையைப் பார்க்க வந்த மாஸ்டர் காய்ச்சலோடு என் ஆஸ்பத்திரித் திண்டில் உட்கார்ந்தார். எங்கள் பழக்கம் அப்படித்தான் தொடங்கியது. பல் கிடுகிடுவென்று அடிக்கிறது. மலேரியா என்று சொல்லி மருந்தை நீட்டினேன். "பாத்தீங்களா?" என்றார். "எதை?" "ரத்தத்துல அந்தக் கிருமியை." எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கிருமியை நான் பாக்கலை மாஸ்டர். நீங்க நடுங்குறதைப் பாத்தேன். இந்தத் தோட்டத்துக்கு அது போதும்லா. வாயைத் திறங்க" என்றேன். திறந்தார். அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் என் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்.

இந்தக் குணத்தை வைத்து அவரைக் கேலி பண்ணாதவர் கிடையாது. வகுப்புச் சுவரில் மாட்டியிருந்த மலாயா படம் அவர் தானே வரைந்தது. அதில் மலாக்கா மட்டும் ஆறும் மேடும் சடக்குமாக நிறைந்திருக்கும். பகாங் பக்கம் பெரும்பாலும் வெள்ளை. இன்ஸ்பெக்டர் வந்து, இங்கே ஒன்றுமே இல்லையா என்று கேட்டதற்கு, "நிறைய இருக்கும் சார், நான்தான் இன்னும் போகவில்லை" என்றாராம். அவர் சம்சாரம் ஒருநாள் என்னிடம் சொன்னார்: "கொழம்பு கொதிக்கிற வாசனையை வச்சே உப்பு பத்தலைன்னு அடுத்த வீட்டுக்காரவங்க சொல்வாங்க அண்ணே. இவரு நாக்குல வச்சுப் பாத்துட்டுத்தான் வாயைத் தொறப்பாரு." அதைச் சொல்லும்போது அந்த அம்மாவுக்குச் சிரிப்பும் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மாஸ்டருக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. சீமைக்குப் போய்ப் பூகோளத்தில் டாக்டர் பட்டம் வாங்க வேண்டும். அப்படி ஒரு டாக்டர் இருக்கிறார் என்பதே எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். "மருந்து குடுக்காத டாக்டரா? நாங்க மருந்து குடுக்குறோம், எங்களை எவனும் டாக்டர்ன்னு சொல்ல மாட்டேங்குறான். இது என்னா நியாயம்?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அந்த விஷயத்தில் அவருக்குச் சிரிப்பு வராது.

லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போட்டிருந்தார். பதில் கப்பலில் வந்து சேர வாரக்கணக்காகும். வந்த பதிலை அவர் எனக்கு நிதானமாக விளக்கினார். மதராசில் வாங்கிய பி.ஏ. சரித்திரத்தில் வாங்கியது; அதனால் நேராக டாக்டர் பட்டத்துக்குச் சேர்க்க மாட்டார்கள். முதல் வருஷம் அங்கே உட்கார்ந்து படம் வரையும் கணக்கு, நிலம் அளப்பது, மழை காற்று எல்லாம் பாடமாகப் படித்துப் பரீட்சை தேற வேண்டும். பிரெஞ்சும் ஜெர்மனும் வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டும். பிறகு ஒரு பேராசிரியர் இவரை ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம்தான் சொந்த ஆராய்ச்சி, பெரிய புத்தகம், கடைசியில் பெரியவர்கள் எதிரே உட்கார்ந்து கேட்கிற கேள்விகள். இத்தனைக்கும் முன்னால், வாசலுக்குள் காலை வைப்பதற்கே, ஒன்று கேட்டிருந்தார்கள். ஒரு சிறிய நிலப்பகுதியைத் தானே சுற்றிப் பார்த்து, அங்கே மண் எப்படி, தண்ணீர் எப்படி, மனிதர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்று படம் வரைந்து அனுப்ப வேண்டும். படத்தில் உள்ளது உண்மை என்று அந்த நிலத்தை நிர்வகிப்பவர் கையெழுத்துப் போட வேண்டும்.

"கடைசியா ஒரு உறுதிமொழி உண்டு டிரெஸ்ஸர்" என்றார். "பார்த்ததை மறைக்கலை, பாக்காததைச் சேக்கலைன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போடணும்." ஏதோ தாலி கட்டுகிற மந்திரத்தைச் சொல்வதுபோல் அதைச் சொன்னார். உலகத்தில் எங்கோ ஒரு இடத்தில் தன்னைப் போலவே நினைக்கிறவர்கள் கூடி ஒரு பட்டம் வைத்திருக்கிறார்கள் என்கிற சந்தோஷம் அவருக்கு. எனக்கும் அது புரிந்தது. ஊரே கேலி பண்ணிய குணத்துக்கு ஒரு கிரீடம் இருக்கிறதென்றால் யார்தான் விடுவார்கள்.

பிரெஞ்சு கற்றுக்கொள்ள டவுன் மாதா கோயிலில் இருந்த பிரெஞ்சுப் பாதிரியாரிடம் போனார். ஜெர்மனுக்கு ஆள் இல்லை. ஒரு பழைய இலக்கணப் புத்தகமும் என் மருந்துப் பெட்டிகளில் மடித்து வரும் துண்டுச் சீட்டுகளும்தான். அந்தச் சீட்டுகளில் பல பாஷையில் அச்சடித்திருக்கும். இங்கிலீஷை மறைத்துக்கொண்டு ஜெர்மனை வாசிப்பார். ஆகையால் அவருக்குத் தெரிந்த ஜெர்மன் எல்லாம் பேதி, வாந்தி, சாப்பாட்டுக்குப் பின் இருவேளை என்கிற ரகம். "அந்தப் பேராசிரியருக்கு வயித்தால போனா நீங்கதான் துணை" என்பேன். வீட்டில் அவர் சம்சாரம் சீமைக் குளிருக்கென்று ஒரு கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருந்தார். மலாக்கா வெக்கையில் அந்தக் கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு வியர்க்க வியர்க்கப் பின்னுவார்.

படம் வரைவதற்கு மாஸ்டர் தேர்ந்தெடுத்த இடம் எங்கள் தோட்டம். தோட்டத்து மானேஜர் துரையிடம் அனுமதி கேட்க நான்தான் கூட்டிப்போனேன். துரை கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மாஸ்டரோடு இங்கிலீஷில் நன்றாகவே பேசினார். "தாராளமாக வரையுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். ஒரு நகல் மட்டும் என் ஆபீசுக்குக் கொடுத்துவிடுங்கள்" என்றார். நகல்தானே என்று இருவருமே தலையாட்டினோம்.

கித்தா விலை பாதாளத்துக்குப் போன காலம் அது. மரத்தில் பால் எடுக்கிற வெட்டுக்காட்டில் பாதியை நிறுத்திவிட்டார்கள். காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடுகிற பெரட்டில் பெயர் கூப்பிடாதவர்கள், வரிசை வீடுகளாகக் குடியிருந்த லயத்துக்குத் திரும்பி வந்து சும்மா உட்கார்ந்திருந்தார்கள். இந்தியாவுக்கு, ஊருக்கு அனுப்புகிறோம் என்று கூட்டங்கூட்டமாகக் கப்பல் ஏற்றினார்கள். போக ஆசைப்பட்டுப் போனவர்களும் உண்டு. இங்கேயே பிறந்து, ஊர் எந்தத் திசையில் என்றே தெரியாமல் அழுதுகொண்டு லாரியில் ஏறியவர்களும் உண்டு. அந்த நேரத்தில் முக்காலிப் பலகையும் சங்கிலியுமாக ஒருவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து எதையோ அளந்து எழுதினால் சனங்கள் என்ன நினைப்பார்கள்? அது எங்கள் இரண்டு பேர் புத்திக்கும் எட்டவில்லை.

குடியிருப்பைக் குறிப்பதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். வீடு வீடாக நுழைந்து எத்தனை பேர் என்று கேட்பது அவருக்குப் பிடிக்காது. அது போலீஸ்காரன் வேலை என்பார். வெட்டு முடிந்து வந்து சனங்கள் உலை வைக்கிற நேரத்தில் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி நின்றுகொள்வார். புகை வருகிற வீட்டைக் கறுப்பாகவும் வராத வீட்டை வெள்ளையாகவும் பென்சிலால் குறிப்பார். மேல் லயம் முழுக்கக் கறுப்பு. கீழ் லயம் ஆற்றங்கரைச் சதுப்பில் இருந்தது. காய்ச்சல் பிடித்த இடம். அங்கே பாதி வீட்டில் புகை இல்லை.

கீழ் லயத்து அங்கம்மா மேட்டில் விறகு பொறுக்க வந்தவள், என்ன செய்கிறீர்கள் என்று அவரைக் கேட்டிருக்கிறாள். அவருக்குத்தான் மறைக்கத் தெரியாதே. அப்படியே சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிறு அவர் மேட்டில் ஏறினபோது கூடவே நானும் இருந்தேன். கீழ் லயத்தில் ஒரு வீடு பாக்கியில்லாமல் புகை. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆள் வந்திருப்பார்கள் என்றேன். அவர் பென்சிலை எடுத்தார். பிறகு பையில் வைத்துவிட்டார். "போய்ப் பாத்துட்டு வருவோம்" என்று இறங்கினார்.

முதல் வீட்டில் கதவே இல்லை. உள்ளே அடுப்புக் கல்லுக்கு நடுவே தேங்காய் மட்டை எரிந்துகொண்டிருந்தது. அடுப்பின் மேல் பானை இல்லை. மூலையில் பாய் இல்லை, துணி இல்லை, ஒன்றும் இல்லை. அடுத்த வீட்டிலும் அப்படியே. அதற்கடுத்த வீட்டில் அங்கம்மா குனிந்து ஊதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் மகள், சின்னப் பெண், பச்சை விறகுப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றது.

"பானை எங்கம்மா?" என்றார் மாஸ்டர்.

அங்கம்மா எழுந்து நின்றாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, "பொகைதானங்க ஐயா உங்களுக்கு வேணும்? பொகை காட்டிட்டோம். கறுப்பாப் போட்டுருங்க" என்றாள்.

"ஏம்மா இப்படி?"

"பாதி வூடு காலின்னு துரைக்குத் தெரிஞ்சா இந்த லயத்தை மூடிட்டு மிச்ச ஆளைக் கப்பல் ஏத்திருவாராம். கங்காணியார் சொன்னாரு. நான் எங்கய்யா போவேன்? அங்க எனக்கு யாரு இருக்கா? எம்புருசனும் ரெண்டு புள்ளைங்களும் அந்தா அந்த ஆத்தோரந்தான் கெடக்குறாங்க. உங்க படத்துல ரெண்டு கறுப்பு கூடப் போட்டா என்னா சாமி கொறைஞ்சிரும்?"

மாஸ்டர் என்னைப் பார்த்தார். அவள் சொன்னது நிஜம். அந்த வாரம்தான் துரை என்னிடம், "மாஸ்டர் படம் எப்போது முடியும்? கீழ் லயத்தைப் பற்றி ஒருவன் ஒன்று சொல்கிறான், இன்னொருவன் வேறு சொல்கிறான். அவர் படம் வந்தால் முடிவு செய்துவிடலாம். அந்த மனிதர் பொய் சொல்ல மாட்டார்" என்று சொல்லியிருந்தார். அதை நான் மெதுவாக அவரிடம் சொன்னேன்.

அவர் அங்கம்மாவிடம், "அடுப்பையெல்லாம் அணைச்சிருங்கம்மா. விறகு வீணாப் போகுது" என்றார். அவள் அதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மகள் மட்டும் ஒரு குவளையில் தண்ணீர் கொண்டுவந்து ஒவ்வொரு வீடாகப் போய் நெருப்பில் ஊற்றியது.

என் வீட்டுக்கு வந்ததும் நான் அவரை விடவில்லை. "கறுப்பாவே போட்டுருங்க மாஸ்டர். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்ங்கிறாங்க. லண்டன்ல இருக்குறவனுக்குக் கீழ் லயம் எங்க இருக்குன்னு தெரியுமா?"

"பானை இல்லாத வீட்டுல ஆள் இருக்குன்னு என்னால வரைய முடியாது."

"அப்ப வெள்ளையாப் போடப்போறீங்களா?"

 தேத்தண்ணி ஆறிப்போகும்வரை படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "போய்ப் பாக்காம இருந்திருக்கலாம்" என்றார். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் நினைத்ததில்லை. எனக்கு அவரைத் திட்ட மனம் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை மையிட்டு முடித்த படத்தோடு வந்தார். அவ்வளவு அழகான படம் நான் அதற்குப் பிறகும் பார்த்ததில்லை. மேடு, ஓடை, கித்தா காயப்போடும் புகைக்கூடம், மாரியம்மன் கோயில், என் ஆஸ்பத்திரி எல்லாம் இருந்தன. மேல் லயம் வீடு வீடாக இருந்தது. ஆற்றைத் தாண்டி, கீழ் லயம் இருக்க வேண்டிய இடத்தில், லயமே இல்லை. வெறும் தாள். அதன் நடுவே பொடி எழுத்தில் இங்கிலீஷில் எழுதியிருந்தார்: பார்க்கவில்லை.

 செர்காமுக்கு வழி சொல்லாத மனுசன், தன் கண்ணால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எழுதிவைத்திருந்தார்.

துரை படத்தை மேசையில் விரித்து வெகுநேரம் ரசித்தார். பிறகு விரலை அந்த வெள்ளையில் வைத்து, "இது என்ன?" என்றார்.

"அங்கே நான் போகவில்லை சார்."

"ஏன்?"

"போகவில்லை சார்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் துரை நம்பியிருக்க மாட்டார். மாஸ்டர் எப்படிப்பட்டவர் என்பது மாவட்டத்துக்கே தெரியும். இத்தனை வருஷம் சேர்த்துவைத்த பெயர் முழுவதையும் அந்த ஒரு வாக்கியத்தில் கொண்டுபோய்க் கொட்டினார். துரை நம்பினார். "அப்படியானால் போய்ப் பார்த்து முடித்துக்கொண்டு வாருங்கள். அரைப் படத்தில் நான் கையெழுத்துப் போட முடியாது" என்று சுருட்டிக் கொடுத்துவிட்டார். கையெழுத்து வாங்க மாஸ்டர் திரும்பப் போகவில்லை.

கீழ் லயத்தைத் தானே ஒருநாள் நடந்து பார்ப்பதாகத் துரை சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் கம்பெனி ஆட்குறைப்பு என்று அவரையே சீமைக்கு அனுப்பிவிட்டது. புதிதாக வந்தவருக்கு மேல் லயத்தைச் சமாளிக்கவே நேரம் சரியாக இருந்தது. பிறகு விலையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. கீழ் லயத்திலிருந்தும் சிலர் கப்பல் ஏறத்தான் செய்தார்கள். இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் லயத்தை மூடவில்லை. அங்கம்மா இருந்தாள்.

இதோடு முடிந்திருந்தால் என் கோபம் துரையோடு போயிருக்கும். படம் குறித்த நாளில் போய்ச் சேராததால் லண்டனிலிருந்தே இன்னொரு கடிதம் வந்தது. அடுத்த வருஷம் சேர்த்துக்கொள்கிறோம், வேறு எந்த இடத்தையாவது வரைந்து அனுப்புங்கள் என்று. நான் துள்ளிக் குதித்தேன். "ஜாசின் பக்கம் போங்க. எனக்குத் தெரிஞ்ச டிரெஸ்ஸர் இருக்கார். லயமே இல்லாத காடாப் பாத்து வரைங்க" என்றேன். அவர் பதிலே எழுதவில்லை.

"ஏன் மாஸ்டர்?"

"அந்த உறுதிமொழியில இனிமே நான் கையெழுத்துப் போட முடியாது டிரெஸ்ஸர்."

"அது வேற படம், இது வேற படம்லா."

"கை அதேதானே."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தால் யாரும் அழுவார்கள். இவர் தாழியைத் தானே கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். அவரிடம் நான் பல வாரம் பேசவில்லை. ஒரு நல்ல காரியத்துக்காகச் சொன்ன பொய்க்கு இப்படி ஒரு தண்டனையா, அதுவும் தனக்குத் தானேயா என்று எனக்கு ஆத்திரம். இன்றைக்கும் அது முழுவதும் ஆறவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது அவர் சம்சாரம் ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். பிரித்தால் அந்தக் கம்பளிச் சட்டை. ஒரு கை மட்டும் பின்னி முடியாமல் இருந்தது. "காய்ச்சல்ல நடுங்குறவங்களுக்கு ஆகும் அண்ணே. பீரோவுல வச்சிருந்தா பூச்சி அரிச்சிரும்" என்றார். அவர் அழவில்லை. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு எங்கள் தோட்டத்தில் எத்தனையோ பேர் நடுங்கிப் பிழைத்தார்கள்.

வருஷங்கள் போயின. மாஸ்டர் வழக்கம்போல லீவு நாட்களில் நடந்தார்; வகுப்புப் படத்தில் வெள்ளை கொஞ்சங் கொஞ்சமாகக் குறைந்தது. கீழ் லயத்தின் பக்கம் மட்டும் அவர் திரும்பிப் பார்த்ததில்லை. நான் தோட்டத்துப் பேச்சை எடுத்தாலும் ஆற்றோடு நின்றுவிடுவார்.

ஒருநாள் டவுனில் அவர் வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது அங்கம்மா வந்தாள். தலை நரைத்திருந்தது. தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், ஒரு சீப்பு வாழைப்பழம். மகளுக்குக் கல்யாணம். தட்டை நீட்டிவிட்டு, "ஐயாவும் அம்மாவும் அவசியம் வரணும். டிரெஸ்ஸர் ஐயாவும்தான். கல்யாணம் நம்ம கீழ் லயத்துலதான்" என்றாள்.

மாஸ்டர் எழுந்து நின்று தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "வர்றேம்மா. அது எந்தப் பக்கம்? நான் பாத்ததில்லையே" என்றார்.

அந்தக் காலி வீட்டு அடுப்பங்கரையில் தன் எதிரே அவர் நின்றதை அங்கம்மா மறந்திருப்பாளா? அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு விளங்கிவிட்டது. அந்தப் படத்தில் என்ன எழுதினார் என்று அதுவரை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. "ஆத்தைத் தாண்டி எடது பக்கம் சாமி" என்றாள், குரல் தடுமாற. "நீங்க வாங்க. நானே கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்."

முகூர்த்தத்தன்று பந்தலில் எல்லாரும் உட்கார்ந்திருக்க மாஸ்டரை மட்டும் காணவில்லை. தேடிக்கொண்டு லயத்தின் பின்பக்கம் போனேன். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக அடுப்பங்கரையை எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். பெண்கள் கேட்டதற்கு, சும்மாதான் என்றார். கடைசி வீட்டையும் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது, புகையாகவும் இருக்கலாம்.

"எல்லா அடுப்புலயும் பானை இருக்கு டிரெஸ்ஸர்" என்றார். "இப்பச் சொல்லலாம்."

யாரிடம் சொல்வது என்று நான் கேட்கவில்லை. பந்தியில் உட்காரக் கூப்பிட்டார்கள், போனோம்.